கார்ட் படம் இடம் மாறி நிற்கிறதா? மியூஸ்ஸ்கோரில் சரிசெய்ய ஒரு முழு வழிகாட்டி

கோவையில் சனிக்கிழமை மாலைகளில் கிடார் பழகுகிறவர்களுக்குப் பாட்டுத் தாள் தயாரிக்கச் சொல்லிக் கொடுக்கிறேன். மேட்டுப்பாளையம், பொள்ளாச்சி, கோபி என்று பல ஊர்களிலிருந்தும் வருகிறார்கள். நோட் ஏற்றுவதிலும் வரி ஏற்றுவதிலும் யாரும் பெரிதாகத் தடுமாறுவதில்லை. தடுமாறுவதெல்லாம் கார்ட் படத்தில்தான். எந்த விரல் எங்கே என்று காட்டும் அந்த ஆறு கோட்டுக் கட்டம் ஒரு பீட் தள்ளி நிற்கும், வரியின் மேல் ஏறி உட்காரும், பெயர் ஒரு பக்கமும் படம் ஒரு பக்கமுமாகப் பிரிந்து கிடக்கும்.

"ஏனுங்க சார், நான் சரியாத்தானுங்க வெச்சேன், பிரின்ட்ல நகந்து போச்சுங்க" என்று வாரத்துக்கு ஒருவராவது சொல்கிறார். அவர் வைத்தது கண்ணுக்குச் சரியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் மென்பொருள் அதை வேறு இடத்தில் கட்டி வைத்திருந்திருக்கும். இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் வேலை வரிசைதான்.

கீழே உள்ளது மியூஸ்ஸ்கோர் 4 வரிசைக்கு எழுதியது. இசைத் தாள் எழுதும் இலவச மென்பொருள், எங்கள் வகுப்பில் எல்லோரிடமும் இருப்பது அதுதான். பதிப்புக்குப் பதிப்பு மெனுவின் பெயரும் இடமும் கொஞ்சம் மாறலாம். செய்ய வேண்டிய வரிசை மாறாது.

1. தொடங்கும் முன்

முதலில் கோப்புக்கு ஒரு நகல் எடுங்கள். "சேவ் ஆஸ்" கொடுத்து, பெயரின் கடைசியில் "படம் திருத்தம்" என்று சேர்த்தால் போதும். நடுவில் எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பும் ஒரு படி வருகிறது. அதைத் தயங்காமல் செய்ய, மூலம் பத்திரமாக இருக்க வேண்டும்.

நோட், வரி, தாளின் அளவு மூன்றும் முடிந்த பிறகே படத்துக்கு வாருங்கள். படம் இவை எல்லாவற்றுக்கும் மேலே உட்காருகிறது. கீழே ஒரு வரி நீண்டால் மெஷர் (ஒரு தாளச் சுற்று அடங்கும் பகுதி) அகலமாகும், மேலே இருக்கும் படமும் நகரும். தமிழ் வரிகளில் இது அதிகம். ஒரே நோட்டுக்குக் கீழே "கொண்டாட்" என்று ஓர் அசை வந்தால் மெஷர் எவ்வளவு விரியும் என்று ஏற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

தாளின் அளவை ஃபார்மட் மெனுவில் "பேஜ் செட்டிங்ஸ்" போய்ப் பாருங்கள். நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது ஏ4, அதாவது 210 மில்லிமீட்டருக்கு 297. வெளியிலிருந்து இறக்கிய கோப்புகள் சில லெட்டர் அளவில் இருக்கும். அது 216-க்கு 279. அகலம் கூடுதல், உயரம் குறைவு. படம் எல்லாம் சரிசெய்த பிறகு இதை மாற்றினால் வரிசைகள் உடைந்து, செய்த வேலை பாதி வீணாகும்.

பார்வை "பேஜ் வியூ"வில் இருக்கட்டும். "கன்டினியூவஸ் வியூ"வில் எல்லாம் ஒரே நீளக் கோடாகத் தெரியும். அங்கே மோதாத படம் பக்கத்தில் மோதும்.

கடைசியாக ஒரு காகிதம், ஒரு பேனா. எந்த மெஷரில் எந்த பீட்டில் எந்த கார்ட் என்று கையால் எழுதி வையுங்கள். "5-ஆம் மெஷர், 1 ஜி, 3 ஈ மைனர்" என்ற அளவு போதும். திரையைப் பார்த்தே திரையைத் திருத்தினால், தவறாக நிற்பதையே சரி என்று கண் நம்பிவிடும். புதியவர்கள் பலர் தாண்டிப் போகும் படி இது. என் அனுபவத்தில் அதிக நேரத்தை மிச்சப்படுத்துவதும் இதுதான்.

2. என்ன கோளாறு என்று பிரித்துப் பாருங்கள்

படம் "சரியில்லை" என்பதற்குள் நான்கு வேறு கோளாறுகள் இருக்கலாம். தவறான பீட்டில் கட்டியிருக்கலாம். சரியான பீட்டில் கட்டி, கையால் இழுத்து நகர்த்தியிருக்கலாம். பெயரும் படமும் தனித்தனியாகக் கட்டியிருக்கலாம். எல்லாம் சரியாக இருந்தும் இடம் போதாமல் மோதலாம். நான்குக்கும் மருந்து வேறு. வரிசை தப்பிச் செய்தால் ஒன்றைச் சரிசெய்வது இன்னொன்றைக் கெடுக்கும்.

இதற்கு வகுப்பில் நான் சொல்லும் உதாரணம் மாடு கட்டுவது. காட்டில் முளை அடித்து மாட்டைக் கட்டுகிறோம். கயிறு நீளமாக இருந்தால் மாடு தள்ளிப் போய் மேயும். அது நிற்கிற இடம் வேறு, முளை அடித்த இடம் வேறு. கார்ட் படமும் அப்படித்தான். ஒரு ஸ்டாஃபில் (நோட் எழுதும் ஐந்து கோட்டு வரிசையில்) ஒரு பீட்டில் அதற்கு முளை அடித்திருக்கும். மவுஸால் இழுக்கும்போது நீங்கள் கயிற்றைத்தான் நீட்டுகிறீர்கள். முளை இருந்த இடத்திலேயே இருக்கும்.

முளை எங்கே என்று பார்க்க இரண்டு வழி உண்டு. படத்தை ஒரு தடவை அழுத்தித் தேர்ந்தெடுத்து, திரையின் கீழ்ப்பட்டையைப் படியுங்கள். எந்த மெஷர், எந்த பீட் என்று அங்கே எழுதிக் காட்டும். இன்னொன்று, படத்தை மவுஸால் லேசாக இழுங்கள். படத்திலிருந்து அது கட்டப்பட்ட இடத்துக்கு ஒரு புள்ளிக்கோடு தெரியும். பார்த்தவுடன் கன்ட்ரோல் + இசட் அழுத்தி பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

இப்போது கையில் இருக்கும் காகிதத்தோடு ஒவ்வொரு படத்தையும் ஒப்பிடுங்கள். பீட் தப்பியதற்கு எல்லாம் பேனாவால் ஒரு வட்டம். உயரத்தைப் பற்றி இந்த நேரத்தில் யோசிக்கவே வேண்டாம்.

3. முளையை இடம் மாற்றுங்கள்

வட்டம் போட்ட படத்தைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் + எக்ஸ். அது போய்ச் சேர வேண்டிய நோட்டின் தலையை அழுத்தி கன்ட்ரோல் + வி. இதில்தான் முளை பிடுங்கி வேறு இடத்தில் அடிக்கப்படுகிறது. எவ்வளவு துல்லியமாக இழுத்தாலும் மவுஸால் இந்த வேலை நடக்காது.

ஒட்டிய பிறகும் படம் தள்ளியே நின்றால், முன்பு இழுத்த இழுப்பும் கூடவே வந்திருக்கிறது என்று பொருள். தேர்வு இருக்கும்போதே கன்ட்ரோல் + ஆர் அழுத்துங்கள். கயிறு சுருங்கி, படம் முளைக்கு நேரே வந்து நிற்கும்.

இங்கே அடிக்கடி பார்க்கும் இரண்டு தவறுகள்.

ஒன்று, ஸ்டாஃபே தவறாக இருப்பது. பாட்டு ஸ்டாஃபும் பியானோ ஸ்டாஃபும் இருக்கும் தாளில், பியானோவின் இடது கை நோட் தேர்வில் இருக்கும்போது பேலட்டில் (குறிகளை அடுக்கி வைத்திருக்கும் பகுதியில்) படத்தை அழுத்திவிடுவார்கள். படம் இரண்டு ஸ்டாஃபுக்கு நடுவில் முளைக்கும். அதை மேலே இழுத்து இழுத்துப் பாட்டு ஸ்டாஃபின் மேல் வைப்பார்கள். திரையில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் பாடகருக்கு மட்டும் தனிப் பார்ட் எடுத்தால் அதில் ஒரு படமும் வராது, எல்லாம் பியானோவோடு போய்விட்டிருக்கும். படங்கள் எல்லாவற்றுக்கும் முளை ஒரே ஸ்டாஃபில் இருக்கட்டும். பாட்டுத் தாள் என்றால் மேலே இருக்கும் பாட்டு ஸ்டாஃப்.

இரண்டாவது, நோட்டுக்குப் பதிலாக மெஷரின் வெற்றிடத்தை அழுத்தி முழு மெஷரையும் தேர்ந்தெடுப்பது. நீலக் கட்டம் வந்தால் எஸ்கேப் அழுத்திவிட்டு, ஒரே ஒரு நோட்டையோ ரெஸ்ட்டையோ (மௌனக் குறியையோ) தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் எங்கே கட்டுவது என்பதில் குழப்பம் இருக்காது.

படங்கள் இருக்கும் பேலட்டே கண்ணில் படவில்லை என்றால் எஃப்9 அழுத்திப் பேலட் பகுதியைத் திறந்து, மேலே உள்ள "ஆட் பேலட்ஸ்" பட்டியலில் "ஃப்ரெட்போர்டு டயகிராம்ஸ்" என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4. நோட்டே இல்லாத பீட்டில் படம் வேண்டுமென்றால்

போன ஆண்டு விழாவுக்கு ஒரு பள்ளிப் பிள்ளைகள் கும்மி மெட்டு ஒன்றைக் கிடாரோடு பாடத் தயார் செய்தார்கள். 6/8 தாளம். ஒரு மெஷர் முழுக்க ஒரே சுரத்தை இழுத்துப் பாடுகிறார்கள். கிடார் மட்டும் பாதியில் ஜி-யிலிருந்து டி-க்கு மாறுகிறது. பாட்டு ஸ்டாஃபில் இருப்பது ஒரே நீள நோட். ஜி-க்கு முளை இருக்கிறது, டி-க்கு முளை அடிக்க நிலமே இல்லை. பயிற்சிக்கு வந்த பையன் ஜி-யின் நோட்டிலேயே இரண்டு படங்களையும் வைத்து, டி-யை வலது பக்கம் இழுத்து வைத்திருந்தான். வரி திருத்தி மெஷர் விரிந்ததும் டி பழைய தூரத்திலேயே நின்றுவிட்டது. பாதி மெஷருக்கு வர வேண்டியது கால் மெஷரிலேயே தெரிந்தது. படத்தைப் பார்த்து வாசித்த பிள்ளை முன்னாலேயே மாற்றியதில் தப்பு ஒன்றும் இல்லை.

தீர்வு இரண்டாவது வாய்ஸ், அதாவது அதே ஸ்டாஃபில் தனியாக ஓடும் இன்னொரு நோட் வரிசை. மெஷரின் முதல் நோட்டைத் தேர்ந்தெடுத்து "என்" (N) விசை அழுத்துங்கள். மேலே கருவிப்பட்டையில் வாய்ஸ் 2 தேர்ந்தெடுங்கள். 5 அழுத்தினால் கால் நோட், உடனே புள்ளி விசை, அப்புறம் 0 இரண்டு தடவை. புள்ளி வைத்த இரண்டு கால் ரெஸ்ட்டுகள் வந்து மெஷர் சரியாக இரண்டாகப் பிரியும். எஸ்கேப் அழுத்தி வெளியே வந்து, இரண்டு ரெஸ்ட்டையும் தேர்ந்தெடுத்து வி விசை அழுத்துங்கள். அவை சாம்பல் நிறமாகும். திரையில் தெரியும், தாளில் வராது. இனி இரண்டாவது ரெஸ்ட்டைத் தேர்ந்தெடுத்து டி படத்தை வையுங்கள்.

நீள நோட்டை இரண்டாக உடைத்து டை (இரண்டையும் இணைக்கும் வளைகோடு) போட்டாலும் முளைக்கு இடம் கிடைக்கும். நான் அதைச் செய்வதில்லை. பாடுகிறவர் கண்ணுக்கு ஒரு சுரம் இரண்டாகத் தெரியும், சிலர் நடுவில் மூச்சு எடுப்பார்கள். கிடாருக்காகப் பாடகரின் வரியைக் கெடுப்பது நியாயமில்லை.

இந்த வேலை முடிந்ததும் முதல் வாய்ஸின் நோட்டுகளைப் பாருங்கள். தண்டு எங்காவது திசை மாறியிருந்தால் அந்த நோட்டைத் தேர்ந்தெடுத்து எக்ஸ் விசை அழுத்தினால் திரும்பிவிடும். ரெஸ்ட் திரையிலேயே தெரியவில்லை என்றால் வியூ மெனுவில் மறைத்ததைக் காட்டும் குறி அணைந்திருக்கிறது. அதைப் போட்டுவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

5. பெயரையும் படத்தையும் ஒன்றாகக் கட்டுங்கள்

படத்துக்கு மேலே நிற்கும் ஜி, ஈ மைனர் என்ற பெயரை மென்பொருள் தனி உறுப்பாகத்தான் பார்க்கிறது. அந்தப் பெயரைப் படத்தோடு கட்டலாம், அல்லது நோட்டோடு கட்டலாம். படத்தோடு கட்டினால் படம் போகிற இடத்துக்கெல்லாம் கூடவே போகும். நோட்டோடு கட்டினால் இரண்டும் தனித்தனி முளை, தனித்தனிக் கயிறு. மேலே உயரமான நோட் வந்தால் ஒன்று ஒரு பக்கம் ஏறும், இன்னொன்று வேறு பக்கம் ஒதுங்கும்.

சோதிப்பது எளிது. படத்தை மட்டும் தேர்ந்தெடுத்து மேல் அம்பு விசையை நான்கைந்து தடவை தட்டுங்கள். பெயரும் சேர்ந்து ஏறினால் கட்டு சரி. பெயர் அங்கேயே நின்றால் தனியாக இருக்கிறது. கன்ட்ரோல் + இசட் போட்டுப் பழைய நிலைக்கு வாருங்கள். தனியாக நிற்கும் பெயரை அழியுங்கள். படத்தைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் + கே, பெயரைத் தட்டச்சு செய்து எஸ்கேப். அவ்வளவுதான். நோட் தேர்வில் இருக்கும்போது கன்ட்ரோல் + கே அழுத்தினால் பெயர் நோட்டோடு போய்விடும். எது தேர்வில் இருக்கிறது என்பதுதான் இங்கே எல்லாமே.

இதில் ஒரு நுணுக்கமான கோளாறு உண்டு. ஒரு மாணவி தாளைக் கொண்டுவந்து, "இந்த ஜி மட்டும் ஏனுங்க சார் தடிமனா விழுது?" என்று கேட்டாள். பக்கம் முழுக்க எட்டு இடத்தில் ஜி. அதில் மூன்று மட்டும் மை அழுத்தி எழுதியதுபோல இருந்தன. "அம்மிணி, அந்த எழுத்தை ஒரு தடவை அழிச்சுப் பாரு" என்றேன். அழித்தாள். ஜி அங்கேயேதான் இருந்தது, ஆனால் மெலிந்துவிட்டது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பெயர்கள்! பேலட்டிலிருந்து படத்தை எடுக்கும்போது அதனோடு பெயரும் வந்திருக்கிறது. அது தெரியாமல், முதலிலேயே நோட்டில் கன்ட்ரோல் + கே போட்டு எழுதிய பெயரை அவள் அப்படியே விட்டிருக்கிறாள். அச்சில் தடிமனாக விழும் பெயர் எங்கே கண்டாலும் முதலில் இதைச் சந்தேகியுங்கள். நோட்டோடு கட்டியதை அழித்து, படத்தோடு கட்டியதை வைத்துக்கொள்ளுங்கள். எது எது என்று தெரியாவிட்டால் இரண்டையும் அழித்துவிட்டு, படத்தைத் தேர்ந்தெடுத்துப் புதிதாக எழுதுங்கள்.

சிலர் கார்ட் பெயரை கன்ட்ரோல் + டி (T) போட்டுச் சாதாரண ஸ்டாஃப் டெக்ஸ்ட்டாக எழுதியிருப்பார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. சுருதி மாற்றும்போது கார்ட் பெயர் கூடவே மாறும், டெக்ஸ்ட் மாறாது. இதையும் இந்தப் படியிலேயே களையுங்கள்.

6. கையால் இழுத்ததையெல்லாம் ஒரே தடவையில் நீக்குங்கள்

முளை, கட்டு இரண்டும் சரியான பிறகே இந்தப் படி. ஏதாவது ஒரு படத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி "செலக்ட்", அதில் "ஆல் சிமிலர் எலிமென்ட்ஸ்". எல்லாப் படங்களும் தேர்வாகும். இப்போது கன்ட்ரோல் + ஆர். அடுத்து ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து அதே மாதிரி.

தேர்வு இருக்கும்போதே எஃப்8 அழுத்தி "ப்ராப்பர்ட்டீஸ்" பகுதியைத் திறந்து, "அப்பியரன்ஸ்" உள்ளே தானியங்கி இடமமைப்புக்கான குறி போட்டிருக்கிறதா பாருங்கள். சமக்குறி விசை இதைப் போடவும் எடுக்கவும் செய்யும். வேறு எதையோ தட்டப் போய்க் கை பட்டு இது அணைந்துவிடுவது உண்டு. அணைந்தால் அந்தப் படம் மட்டும் எதையும் பொருட்படுத்தாமல் நோட்டின் மேலேயே ஏறி நிற்கும். மற்ற எல்லாம் ஒதுங்கியிருக்க ஒன்று மட்டும் மோதினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இழுத்ததையெல்லாம் ஏன் நீக்கச் சொல்கிறேன் என்றால், கையால் இழுத்த ஒவ்வொரு படமும் பிறகு தாள் அளவு, வரி, ஒரு வரிசைக்கு எத்தனை மெஷர் என்று எது மாறினாலும் தப்பாகிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்காக நாற்பது படங்களை ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாக இழுத்து வைத்தேன். காலையில் ஒரு சரணத்தைச் சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்ததும் இரண்டாம் பக்கம் முழுக்கக் கலைந்துபோனது. ஸ்டைலில் ஒரு எண்ணை மாற்றியிருந்தால் ஐந்து நிமிட வேலை. அந்த ராத்திரி உங்களுக்கு வேண்டாம்.

7. உயரத்தை ஸ்டைலில் அமையுங்கள்

ஃபார்மட், ஸ்டைல், "ஃப்ரெட்போர்டு டயகிராம்ஸ்". இங்கே முதலில் ஸ்கேல் (படத்தின் அளவு), அப்புறம்தான் உயரம். அளவு மாறினால் உயரத்தின் கணக்கும் மாறும் என்பதால் இந்த வரிசை. மேடையில் ஸ்டாண்டில் வைத்து நின்றுகொண்டு வாசிக்கும் தாளுக்கு இயல்பான அளவு கண்ணுக்குச் சிறிதாக இருக்கும். கொஞ்சம் கூட்டி, ஒரு பக்கம் அச்சடித்துப் பார்த்து முடிவெடுங்கள்.

உயரத்தின் அளவு "எஸ்பி" என்ற அலகில் இருக்கும். ஸ்டாஃபின் இரண்டு கோடுகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி 1 எஸ்பி. எண்ணைக் கொஞ்சம் மாற்றி, படம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துக்கொண்டே அமையுங்கள்.

எல்லாப் படங்களும் ஒரே கோட்டில் நிற்காமல் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கினால், சில இடங்களில் கீழே உயரமான நோட் இருந்து படத்தை மேலே தள்ளுகிறது. பாட்டிலேயே மிக உயரமான நோட் எது என்று பாருங்கள். அதன் மேல் நிற்கும் படத்துக்குக் கொஞ்சம் மேலே எல்லாமே நிற்கும்படி ஸ்டைலில் உயரத்தைக் கூட்டினால் படிக்கட்டு நேராகும். ஒரே ஒரு நோட் மட்டும் வானத்தில் இருந்தால் அதற்காக எல்லாவற்றையும் ஏற்ற வேண்டாம். அந்த ஒன்று கொஞ்சம் உயர்ந்தே நிற்கட்டும்.

பெயருக்கும் படத்துக்கும் உள்ள இடைவெளி இந்தப் பக்கத்தில் இல்லை. அது ஸ்டைலில் "கார்ட் சிம்பல்ஸ்" பக்கத்தில், ஃப்ரெட்போர்டு படத்திலிருந்து தூரம் என்ற இடத்தில் இருக்கும். தேடித் தேடிக் கிடைக்காமல் கையால் இழுக்கப் போகிறவர்கள் இதனால்தான் போகிறார்கள்.

8. பக்கத்துப் படத்தோடு மோதினால்

மெஷருக்கு இரண்டு கார்ட், வரிசைக்கு ஐந்து மெஷர் என்றால் ஏ4 தாளில் பத்துப் படங்கள் தோளோடு தோள் உரசும். மோதும் மெஷரைத் தேர்ந்தெடுத்து வலது நெளிவு அடைப்புக்குறி விசையைத் தட்டினால் அது விரியும், இடது அடைப்புக்குறி சுருக்கும். அது போதாவிட்டால் வரிசையை உடையுங்கள். மெஷரின் கடைசிக் கோட்டைத் தேர்ந்தெடுத்து என்டர் அழுத்தினால் அடுத்தது புது வரிசையில் தொடங்கும். ஐந்தை நான்காக்கினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஆனால் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரே பாட்டில் ஜி பன்னிரண்டு தடவை வந்தால் பன்னிரண்டு படம் தேவையில்லை. முதல் தடவை வரும்போது படம், அப்புறம் பெயர் மட்டும். விரல் ஒரு தடவை பழகினால் கண் படத்தைத் தேடுவதில்லை. தாளும் மூச்சு விடும். அப்படிச் செய்யும்போது பெயர் மட்டும் நிற்கும் இடங்களில் அது நோட்டோடுதான் கட்டப்பட்டிருக்கும், அதனால் படத்தின் மேல் நிற்கும் பெயரைவிடக் கீழே இருக்கும். அது கோளாறு இல்லை. முதல் வரிசை முழுக்கப் படத்தோடும், அடுத்த வரிசைகள் பெயரோடும் வருமாறு அமைத்தால் இந்த உயர வித்தியாசம் கண்ணை உறுத்தாது.

9. இடம் சரி, படமே தப்பு என்றால்

இடத்தைத் திருத்தும்போது படத்தின் உள்ளேயும் பார்த்துவிடுங்கள். படத்தில் இடது ஓரக் கோடு தடித்த ஈ கம்பி, வலது ஓரம் மெல்லிய ஈ கம்பி. சி கார்ட் என்றால் இடமிருந்து எக்ஸ், 3, 2, 0, 1, 0 என்று வர வேண்டும் (எக்ஸ் என்றால் அந்தக் கம்பியை மீட்டக் கூடாது, 0 என்றால் விரல் வைக்காமல் மீட்ட வேண்டும், மற்ற எண் விரல் வைக்கும் ஃப்ரெட், அதாவது கிடார் கழுத்தின் கட்டம்). இடதும் வலதும் மாறிப் போட்டவர்களின் படம் பார்வைக்கு அழகாக இருக்கும், வாசித்தால் அபஸ்வரம்.

பி மைனரை இரண்டாம் ஃப்ரெட்டில் பிடிக்கிறோம்: எக்ஸ், 2, 4, 4, 3, 2. பேலட்டில் வேண்டியது இல்லாமல் நீங்களே வரைந்தால் ப்ராப்பர்ட்டீஸில் ஃப்ரெட் எண்ணை 2 என்று வைத்து, மேலே தடித்த கோடு போய்விட்டதா என்று பாருங்கள். எண்ணை மறந்தால் அதே வடிவம் முதல் ஃப்ரெட்டில் பி ஃபிளாட் மைனராகிவிடும். பக்கத்தில் நிற்கும் அந்த எண்ணும் இடம் அடைக்கும், நெருக்கமான மெஷரில் அடுத்த படத்தோடு அதுதான் முதலில் உரசும்.

உகுலேலேக்கு எடுக்கிறவர்கள் கம்பி எண்ணிக்கையை 4 ஆக்க வேண்டும். சி கார்ட் அங்கே 0, 0, 0, 3.

சுருதி மாற்றினால் மிகவும் கவனம். பாடகருக்கு உயரம் போதவில்லை என்று ஜி-யிலிருந்து ஏ-க்கு ஏற்றினீர்கள் என்று வையுங்கள். நோட் மாறும், பெயர் மாறும். படத்தின் புள்ளிகளும் சேர்ந்து மாறியதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மேலே ஏ என்று எழுதி, கீழே ஜி-யின் விரல் காட்டும் தாளை மேடையில் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் இரண்டு பேர் பெயரைப் பார்த்து வாசிக்க, ஒருவர் படத்தைப் பார்த்து வாசித்தார். படம் பழையதாகவே இருந்தால் அதை அழித்துவிட்டு, அதே நோட்டில் பேலட்டிலிருந்து புதியதை வைப்பதுதான் வேகம். ஒவ்வொரு புள்ளியாகத் திருத்த உட்காராதீர்கள்.

10. பார்ட், பிடிஎஃப், அச்சு

கிடாருக்குத் தனிப் பார்ட் எடுக்கிறீர்கள் என்றால் அதைத் திறந்து தனியாகப் பாருங்கள். அங்கே மெஷர்களின் அகலம் வேறு, வரிசை உடையும் இடமும் வேறு. முழு ஸ்கோரில் மோதாதது இங்கே மோதலாம். 8-ஆம் படியை மட்டும் இங்கே திரும்பச் செய்தால் போதும். முளையும் கட்டும் ஸ்கோரிலேயே சரியாகிவிட்டதால் அதில் மறுபடி கை வைக்க வேண்டியதில்லை.

கடைக்கு எடுத்துப் போகும்போது மியூஸ்ஸ்கோர் கோப்பை எடுத்துப் போகாதீர்கள். அங்கே வேறு பதிப்பு இருந்தாலோ, நீங்கள் வைத்த தமிழ் எழுத்துரு இல்லாமல் போனாலோ வரிகளின் அகலம் மாறும், மேலே எல்லாம் நகரும். எக்ஸ்போர்ட் செய்து பிடிஎஃப் ஆக்கி, அதை உங்கள் போனிலேயே ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள். அச்சடிக்கும்போது நூறு சதவீத அளவு என்று சொல்லுங்கள். ஒரு தாளில் இரண்டு பக்கம் வருமாறு சுருக்கினால் படத்தின் புள்ளிகள் அடைந்து, மூன்றாம் ஃப்ரெட்டா நான்காம் ஃப்ரெட்டா என்று தெரியாமல் போகும்.

முதல் தாளை ஸ்டாண்டில் வைத்து, கிடாரோடு எவ்வளவு தள்ளி உட்காருவீர்களோ அங்கே உட்கார்ந்து படியுங்கள். கழுத்தை நீட்டாமல் புள்ளி தெரிகிறதா? வரி தெரிகிறதா? தெரியவில்லை என்றால் 7-ஆம் படிக்குப் போய் ஸ்கேலை மட்டும் மாற்றி, அதன் பின் 8-ஐப் பாருங்கள்.

எல்லாம் பிடித்த மாதிரி வந்துவிட்டால் ஃபார்மட் மெனுவில் "சேவ் ஸ்டைல்" கொடுத்து ஒரு பெயர் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பாட்டுக்கு நோட்டும் வரியும் ஏற்றியவுடன், முதல் படத்தை வைக்கும் முன்னால், "லோட் ஸ்டைல்" கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.